எண்ணெய்ப் பதார்த்தம் அமிலத்தைக் கூட்டுகிறதா?

கேள்வி: எனக்கு வயது 46. பொரித்தது எதைச் சாப்பிட்டாலும் இரவில் படுத்ததும் நெஞ்சு எரிகிறது. கொழுப்பு வயிற்றில் அமிலத்தை அதிகமாகச் சுரக்க வைக்குமா? சாப்பாட்டுக்கு முன் ஒரு ஸ்பூன் எண்ணெய் குடித்தால் அமிலம் அடங்கும் என்கிறார் அண்ணன். செய்யலாமா?

பதில்: அண்ணன் சொல்வதில் பாதி உண்மை. கொழுப்பு அமிலச் சுரப்பைக் குறைக்கத்தான் செய்யும். எவால்ட், போவாஸ் என்ற ஜெர்மன் மருத்துவர்கள் 1886-லேயே சோதனை உணவில் ஆலிவ் எண்ணெயைக் கலந்து கொடுத்து இதைக் கண்டிருக்கிறார்கள். கொழுப்பு சிறுகுடலின் தொடக்கப் பகுதியைத் தொட்டதும் கோலிசிஸ்டோகைனின், சீக்ரெட்டின் போன்ற ஹார்மோன்கள் சுரக்கும். கொழுப்பு செரிக்க நேரம் பிடிக்குமே! அதனால் அமிலத்தைக் குறைத்துக்கொள், உணவை மெதுவாக அனுப்பு என்று அவை இரைப்பைக்குச் சொல்லும். அமிலத்தை நன்றாகத் தூண்டிவிடுவது புரதம்தான்.

அப்புறம் ஏன் எரிகிறது? அந்த 'மெதுவாக' என்பதில்தான் உங்கள் தொல்லை இருக்கிறது. எண்ணெய் மிகுந்த சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்கப் பல மணி நேரம் ஆகும். வயிறு அவ்வளவு நேரமும் உப்பியே இருக்கும். போதாததற்கு, அதே கோலிசிஸ்டோகைனின் உணவுக்குழாயின் அடியில் இருக்கும் தசை வளையத்தையும் தளர்த்திவிடும். அந்த நிலையில் படுத்தால், அமிலம் கொஞ்சமாக இருந்தாலும் மேலே ஏறிவிடும். இரைப்பைக்கு இருக்கும் சளிப் பாதுகாப்பு உணவுக்குழாய்க்குக் கிடையாது. எரியாமல் என்ன செய்யும்?

ஆகவே அந்த ஒரு ஸ்பூன் எண்ணெய் வேண்டாம். வயிறு காலியாவதை அது இன்னும் தள்ளிப்போடும். அதற்காகக் கொழுப்பை அடியோடு ஒதுக்கிவிடாதீர்கள். ஏ, டி, ஈ, கே வைட்டமின்களை உடல் ஈர்த்துக்கொள்ள அது தேவை. பொரித்ததைச் சாப்பிட ஆசையா, பகலில் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே 3 மணி நேரம் விடுங்கள். என்னைக் கேட்டால், பலருக்கு இந்த ஒரு மாற்றமே பெரிய வித்தியாசம் காட்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே கட்டை வைத்து 15 முதல் 20 செ.மீ. உயர்த்தலாம். தலையணைகளை அடுக்கினால் வயிறு மடங்கி அழுத்தம்தான் கூடும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பதும் நல்லது.

வாரத்தில் இரண்டு மூன்று நாள் எரிச்சல் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். விழுங்கும்போது அடைத்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ தள்ளிப்போட வேண்டாம். நடக்கும்போது நெஞ்சு அழுத்தி, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் அதை வாயு என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.