ஃபயர்வாலைக் கடந்ததும் 94 ஆகும் வேகம்

கேள்வி: வீட்டில் 300 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு வைத்திருக்கிறேன். பழைய அலுவலகக் கணினி ஒன்றில் இரண்டு போர்ட் நெட்வொர்க் கார்டைப் பொருத்தி, ஓபிஎன்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருளை நிறுவி, அதையே ஃபயர்வால் ரவுட்டராகப் பயன்படுத்துகிறேன். மடிக்கணினியை, ஃபைபர் வந்து முடியும் ஓஎன்டி பெட்டியில் நேரடியாகச் செருகி, பிபிபிஓஇ கணக்கை (இணைய நிறுவனத்துடன் இணைவதற்கான பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும்) அதிலேயே கொடுத்து இணைத்தால் 290க்கு மேல் வருகிறது. ஃபயர்வாலுக்குப் பின்னால் 94ஐத் தாண்டுவதே இல்லை. விதிகளை எல்லாம் நீக்கிப் பார்த்தும் பயனில்லை. கணினியை மாற்றிவிட வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் குறிப்பிட்டிருக்கும் 94 என்ற எண்ணே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. செயலி திணறினால் வேகம் ஏறியும் இறங்கியும் அலையும். விதிகளில் பிழை இருந்தால் பெரும்பாலும் இணைப்பு தடைபடுமே தவிர, ஒரே எண்ணில் நிற்காது. 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட் இணைப்பு ஒன்றில், தரவோடு சேர்ந்து செல்லும் தலைப்புகளையும் இடைவெளிகளையும் கழித்தால் பயனருக்குக் கிடைப்பது 93 முதல் 95 வரைதான். ஆகவே, உங்கள் வீட்டுக்குள் ஏதோ ஓர் இடத்தில் கிகாபிட் வேகத்தில் ஓட வேண்டிய இணைப்பு 100க்கு இறங்கி நிற்கிறது என்றே முதலில் கருத வேண்டும்.

அது எந்த இடம் என்பதை ஃபயர்வாலே காட்டும். ஓபிஎன்சென்ஸின் இன்டர்ஃபேஸ் மேலோட்டப் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு போர்ட்டுக்கும் எதிரே உள்ள மீடியா வரியைப் பாருங்கள். 1000 என்று தொடங்க வேண்டிய இடத்தில் 100 என்று இருந்தால் குற்றவாளி அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. இரண்டு போர்ட்டும் 1000 என்று காட்டினால், நடுவில் உள்ள ஸ்விட்சையும் மடிக்கணினியின் இணைப்பு வேகத்தையும் பாருங்கள். ஓஎன்டியில் சோதித்தபோது பயன்படுத்திய அதே கேபிளைத்தான் இப்போதும் மடிக்கணினியில் செருகியிருக்கிறீர்கள் என்றால், அந்தக் கேபிளையும் மடிக்கணினியின் போர்ட்டையும் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

இத்தகைய பழுது பெரும்பாலும் கேபிள் முனையில்தான் இருக்கும். 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு ஊசிகள் போதும். கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பிகளும் வேண்டும். நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ ஒரு கம்பி சரியாகக் கடிபடாமல் இருந்தால், பல நெட்வொர்க் கார்டுகள் ஓசையின்றி 100க்கு இறங்கிக்கொள்ளும். இணைய உலாவலில் வித்தியாசமே தெரியாது. கண்ணாடி போன்ற அந்தச் செருகியை வெளிச்சத்தில் பிடித்து, எட்டுக் கம்பிகளின் முனைகளும் ஒரே கோட்டில் முட்டி நிற்கின்றனவா என்று பாருங்கள். நான்கு கம்பிகளை மட்டும் கடித்துவிட்டுப் போகிற பணியாளர்களும் உண்டு. சந்தேகம் இருந்தால் கடையில் முனை போட்டே விற்கும் கேட் 5இ கேபிளை மாற்றிச் செருகுங்கள். போர்ட் வேகத்தை யாராவது கைமுறையாக அமைத்திருந்தால் அதைத் தானியங்கி நிலைக்கே திருப்பிவிடுங்கள்.

மீடியா வரிகள் எல்லாம் சரியாக இருந்தும் 94 நகரவில்லையா? முன்பு 100 எம்பிபிஎஸ் திட்டத்தில் இருந்து 300க்கு மாறியவராக இருந்தால், வேகத்துக்கு வரம்பு விதிக்கும் ஷேப்பர் பக்கத்தைத் திறந்து பாருங்கள். தாமதத்தைக் குறைக்க அங்கே எஃப்கியூ-கோடல் என்ற வரிசை மேலாண்மை முறையை அமைப்பவர்கள் இணைப்பு வேகத்தில் 90 முதல் 95 விழுக்காட்டை வரம்பாகக் கொடுப்பது வழக்கம். திட்டம் மாறிய பிறகும் அந்த வரம்பு அங்கேயே இருக்கும். அது ஃபயர்வால் விதிகளின் பட்டியலில் வராது என்பதால், நீங்கள் விதிகளை நீக்கியபோது அது தொடப்பட்டிருக்காது.

இவற்றைச் சரிசெய்த பின் வேகம் உயர்ந்து, ஆனால் 180, 200 என்று தடுமாறினால்தான் செயலியைச் சந்தேகிக்க வேண்டும். வேகச் சோதனை ஓடும்போதே முகப்புப் பக்கத்தைப் பார்த்து, நான்கு கோர் செயலியில் 25 விழுக்காடுதானே பயன்பாடு என்று நிம்மதி அடைய வேண்டாம். ஒரு கோர் முழுவதும் நிரம்பி, மற்ற மூன்றும் சும்மா இருந்தாலும் கணக்கு அதேதான். கோர் வாரியாகப் பிரித்துக் காட்டும் டாப் கட்டளையில்தான் உண்மை தெரியும். பிபிபிஓஇ உறைக்குள் வரும் பாக்கெட்டுகளைப் பல நெட்வொர்க் கார்டுகளால் கோர்களுக்குப் பகிர்ந்தளிக்க முடியாததால், உள்வரும் சுமை முழுவதும் ஒரே கோரின் தலையில் விழுகிறது. இதற்கு மேல் சூரிகாட்டா போன்ற ஊடுருவல் கண்காணிப்பும் ஓடினால், அதைச் சற்று நேரம் நிறுத்தி மீண்டும் அளந்து பாருங்கள். வீட்டு இணைப்பில் வரும் தரவில் மிகப் பெரும்பகுதி மறையாக்கம் செய்யப்பட்டே வருவதால், அந்தக் கண்காணிப்பு தரும் பலனைவிட அது தின்னும் வேகம் அதிகம் என்பது என் கருத்து.

பிபிபிஓஇ உள்ளதால் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, 1492 பைட்டாக இருக்க வேண்டும் என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 1464 பைட் அளவில் பிங் என்ற சோதனைப் பாக்கெட்டை அனுப்பினால் பதில் வர வேண்டும் (மீதி 28 பைட் தலைப்புகளுக்கு). 1465க்கு வரக் கூடாது. இது தவறினால் சில தளங்கள் மட்டும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு கோர் நிரம்பியே நின்றால் கணினியை மாற்றலாம். அப்போது கோர்களின் எண்ணிக்கையைப் பார்த்து வாங்காமல், ஒற்றைக் கோரின் வேகம் அதிகமுள்ள செயலியைத் தேர்ந்தெடுங்கள்.