வாகன ஆலோசனை: இரவில் ஒளிராத மீட்டர்

கேள்வி: 1990-களின் இறுதியில் வாங்கிய பெட்ரோல் காரை இன்றும் ஓட்டி வருகிறேன். சில வாரங்களாக, இரவில் ஹெட்லைட் போட்டாலும் ஸ்பீடோமீட்டர் இருட்டாகவே இருக்கிறது. முட்கள் சரியாக வேலை செய்கின்றன. டேஷ்போர்டையே கழற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். அது அவசியமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: டேஷ்போர்டில் கை வைக்கும் முன், இன்று இரவே பார்க்கிங் லைட்டைப் போட்டுவிட்டு இறங்கி, காரின் பின்பக்கம் சென்று பாருங்கள். பல பழைய கார்களில் மீட்டர் பல்புகள், டெயில் லைட், நம்பர் பிளேட் விளக்கு ஆகிய மூன்றும் ஒரே ஃபியூஸிலிருந்து மின்சாரம் பெறுகின்றன; ஹெட்லைட்டுக்குத் தனி ஃபியூஸ் உண்டு. அந்தப் பொது ஃபியூஸ் போய்விட்டால், முன்னால் வெளிச்சம் இருப்பதால் ஓட்டுபவர் எதையும் உணர மாட்டார். பின்னால் வரும் லாரிக்காரருக்கோ முன்னால் கார் இருப்பதே தெரியாது. மீட்டர் விளக்கைச் சில்லறை வேலை என்று பலர் மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது எனக்குக் கவலை அளிப்பது இதனால்தான்.

டெயில் லைட்டும் எரியவில்லை என்றால், ஃபியூஸ் பெட்டியின் மூடியில் குறித்துள்ள அதே ஆம்பியரில் புது ஃபியூஸ் போடுங்கள். அதுவும் உடனே போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று பொருள். 10 ஆம்பியர் இருந்த இடத்தில் 20 போடுவதும், கம்பி சுற்றிவிடுவதும் ஒயரிங்கைத் தீக்கு ஒப்புக்கொடுப்பதாகும். பின்னாளில் பொருத்திய கார் ஸ்டீரியோவை முதலில் சந்தேகியுங்கள். ஸ்டீரியோவுக்கு வெளிச்சம் தரும் ஒயர் மீட்டர் விளக்கின் இணைப்பிலிருந்தே வருவதால், அதன்மேல் சுற்றிய இன்சுலேஷன் டேப் பிரிந்து ஒயர் காரின் இரும்பு பாடியில் உரசினால் ஃபியூஸ் போய்விடும். அடுத்து, தண்ணீர் புகுந்து துருப்பிடித்த டெயில் லைட் ஹோல்டரைப் பாருங்கள்.

பின் விளக்குகள் நன்றாக எரிகின்றன என்றால், மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் திருகு உங்கள் காரில் இருக்கிறதா என்று பாருங்கள். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற திருகின் உட்புறம் களிம்பேறித் தொடர்பு விட்டுப்போகும். அதை இரு கோடிவரை பலமுறை திருப்பும்போது விளக்கு மினுக்கினால், கோளாறு அங்கேதான்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே மீட்டரைக் கழற்ற வேண்டும். பெரும்பாலான பழைய கார்களில் அப்போதும் முழு டேஷ்போர்டையும் பிரிக்கத் தேவையில்லை. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை எடுத்துவிட்டு, மீட்டரைச் சுற்றியுள்ள சட்டத்தின் ஸ்குருக்களைக் கழற்றி, பின்னால் ஸ்பீடோமீட்டர் கேபிளை விடுவித்தால் மீட்டர் முன்னால் வரும். பின்புறத்தில் செப்புத் தடங்கள் ஓடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கும். பல்பு ஹோல்டர்கள் அதில் கால் சுற்று திருப்பினால் கழன்றுவிடும். தடம் கறுத்திருந்தால் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்தாலே போதும். உப்புத்தாள் போட்டால் செம்பு உரிந்துவிடும். பல்புகள் அனைத்தையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள், ஆனால் பழைய வாட் அளவிலேயே வாங்குங்கள். அதிக வாட் பல்பின் சூட்டில் பிளாஸ்டிக் உருகக்கூடும்.

கேள்வி: சாவியைத் திருப்பினால் சிவப்பு பேட்டரி விளக்கு எரிவதில்லை. பேட்டரி நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?
– வாசகி, தென்காசி

பதில்: இல்லை. இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன், சாவியை ‘ஆன்’ நிலையில் வைத்ததும் பேட்டரி விளக்கும் ஆயில் விளக்கும் எரிந்தாக வேண்டும்; ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியாத ஆயில் விளக்கு, ஆயில் அழுத்தம் குறைந்து இன்ஜின் கெடும்போதும் எரியாது. பேட்டரி விளக்கின் கதை இன்னும் முக்கியமானது: பல பழைய கார்களில் அந்தச் சிறு பல்பு வழியாகச் செல்லும் மின்சாரம்தான், இன்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரைத் தூண்டி, பேட்டரியைச் சார்ஜ் செய்யத் தொடங்க வைக்கிறது. பல்பு ஃபியூஸானால் சார்ஜே ஆகாமல் போகலாம். ஆகவே அந்த இடத்தில் எல்இடி பல்பும் வேண்டாம். எல்இடி வழியாகச் செல்லும் மின்சாரம் ஆல்டர்னேட்டரைத் தூண்டப் போதாது. பல்பை மாற்றிய பின், இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய 14 வோல்ட் காட்டினால் சார்ஜ் ஆகிறது. 12.5 வோல்ட்டிலேயே நின்றால், ஆல்டர்னேட்டரை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.