மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தால் கடன் போய்விடுமா?

கேள்வி: விசைப்படகு வைத்திருக்கிறேன். வீட்டை அடமானம் வைத்து வங்கியில் 8 லட்சம் வாங்கினேன், மச்சான் ஜாமீன். இறால் கம்பெனி முன்பணம் 4 லட்சம். வெளியில் இரண்டு பேரிடம் வட்டிக்குத் தலா ஒன்றரை லட்சம். மீன்பாடு சரியில்லை. காலிமனையை மனைவி பேருக்கு எழுதிவிட்டு ஐ.பி. (கடனைக் கட்ட முடியாதவர் போடும் நொடிப்பு மனு, அதுதான் மஞ்சள் நோட்டீஸ்) கொடுத்தால் எல்லாக் கடனும் போய்விடும் என்கிறார்கள். செய்யலாமா?
— பாம்பன் வாசகர்

பதில்: தயவுசெய்து மனையை எழுதி வைக்காதீர்கள். எழுதி இரண்டு வருடத்துக்குள் நீங்கள் திவால் மனு போட்டால், அந்தப் பத்திரத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம். உங்கள் நேர்மையும் கேள்விக்குள்ளாகும்.

2016 திவால் சட்டத்தில் தனிநபருக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே அமலில் இருக்கிறது. உங்களுக்குப் பொருந்துவது 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம்தான். மனுவை ஏற்று உங்களை நொடித்தவர் என்று அறிவித்தால், உங்கள் சொத்து நீதிமன்றப் பொறுப்புக்குப் போகும். கடன்காரர்கள் தனித்தனியாக வந்து சொத்தில் கை வைக்க முடியாது. ஆனால் அடமானம் பிடித்த வங்கியை இது தடுக்காது. வீடு அடமானத்தில் அப்படியே மாட்டியிருக்கும். உங்களுக்குக் கடனிலிருந்து விடுதலை கிடைத்தாலும் மச்சானுக்குக் கிடையாது. ஜாமீன் அப்படியே நிற்கும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

இதே சட்டத்தில் பலர் கவனிக்காத நல்ல வழி ஒன்று உண்டு. நொடித்தவர் என்று அறிவித்த பிறகு, "இத்தனை வருடத்தில் இவ்வளவு கட்டுகிறேன்" என்று ஒரு திட்டம் கொடுக்கலாம். கடனை நிரூபித்தவர்களில் பெரும்பான்மையோர், கடன் தொகையில் முக்கால் பங்குக்கு உரியவர்களாக இருந்து, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். உங்கள் கணக்கில் அடமானம் இல்லாத கடன் 7 லட்சம். முக்கால் பங்கு 5.25 லட்சம். கம்பெனியும் வட்டிக்காரர்களில் ஒருவரும் சரி என்றால் 5.5 லட்சம் ஆகிவிட்டது, மூவரில் இருவரும் ஆகிவிட்டது. திட்டம் நியாயமானது என்று நீதிமன்றமும் ஏற்றால், மறுத்த மூன்றாமவரும் கட்டுப்பட வேண்டியதுதான்.

இருந்தாலும் முதலில் வங்கிக்குப் போங்கள். தவணை 90 நாள் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகும்; அப்புறம் 60 நாளுக்குள் கட்டச் சொல்லி நோட்டீஸ் வரும். அதற்கு முன்பே, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் தவணை விழாதபடி கடனை மாற்றியமைக்க எழுதிக் கேளுங்கள். பேச்சு முறிந்தால் லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) இருக்கிறது, கட்டணம் கிடையாது. வெளிக்கடன் மீட்டர் வட்டி, கந்துவட்டி என்றால் 2003-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி அது குற்றம். போலீசில் புகார் கொடுங்கள்.

கேள்வி: துபாயில் வேலை செய்கிறேன். சென்னையில் பிளாட்டுக்குப் பணம் கட்டிய கம்பெனி திவால் நடவடிக்கையில் இருக்கிறது. நுகர்வோர் வழக்குப் போடலாமா?
— கீழக்கரை வாசகர்

பதில்: இப்போது போட்டாலும் கம்பெனி மீது வழக்கு நகராது, தடையாணைக் காலம் நடக்கிறது. திவால் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு வீடு வாங்குவோரும் கம்பெனிக்கு நிதிக் கடன் கொடுத்தவர்கள்தான், கடன் கொடுத்தவர்கள் குழுவில் உங்கள் பிரதிநிதி வழியாக வாக்கும் உண்டு. மறுசீரமைப்புத் திட்டம் நிறைவேற 66 சதவீத வாக்கு வேண்டும். பிளாட் கிடைக்குமா, பணத்தில் ஒரு பகுதி கிடைக்குமா என்பதை அந்தத் திட்டம்தான் முடிவு செய்யும். ஆகவே பொது அறிவிப்பில் உள்ள கடைசித் தேதிக்குள், ஒப்பந்தம், ரசீது, வங்கிக் கணக்கு விவரத்துடன் சி.ஏ. (CA) என்ற உரிமைகோரல் படிவத்தை, திவால் நடவடிக்கையைக் கவனிக்கும் தீர்வு அலுவலருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். இதற்காக ஊருக்கு வர வேண்டியதில்லை.