கார் முன்கண்ணாடியில் சில்லு விழுந்திருக்கிறது, காப்பீட்டில் மாற்றிவிடலாமா?

லாரிச் சக்கரத்திலிருந்து தெறித்த கல்லால் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய சில்லு விழுந்திருப்பதாகவும், முழுக் காப்பீடும் 50 விழுக்காடு நோ கிளெய்ம் போனஸும் (கிளெய்ம் போடாத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மாற்ற முடியும். ஆனால் உங்கள் நிலையில் நான் இருந்தால் இப்போதைக்குக் காப்பீட்டைத் தொடமாட்டேன்.

முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டப்பட்டது. எனவே வெளித்தகட்டில் மட்டும் விழுந்த சில்லுக்குள் ரெசின் என்ற பிசினைச் செலுத்திப் புற ஊதா விளக்கால் இறுகச் செய்துவிடலாம். என் காரில் அப்படித்தான் செய்தேன். எதிர்வெயிலில் தழும்பு தெரியும், அவ்வளவுதான். சரிசெய்யும்வரை சில்லின்மேல் ஒளிபுகும் டேப்பை ஒட்டித் தூசியும் நீரும் புகாமல் காக்க வேண்டும். வெயிலில் நின்று கொதித்த கண்ணாடியின்மீது ஏ.சி. காற்றைத் திடீரென்று திருப்பினால் சில்லு விரிசலாக ஓடிவிடக்கூடும். விரிசல் ஓரத்தைத் தொட்டுவிட்டாலோ, ஓட்டுநரின் நேர்ப்பார்வையில் அமைந்தாலோ கண்ணாடியை மாற்றியே ஆக வேண்டும்.

அப்போதுதான் கணக்குப் போட வேண்டும். கண்ணாடிக்குத் தேய்மானம் கழிக்கப்படுவதில்லை. இதற்காக ஜீரோ டெப், அதாவது தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பீடு, தேவையில்லை. கண்ணாடியின் ஓரத்திலுள்ள ரப்பர் பட்டையான பீடிங்குக்குப் பாதி கழியும். கட்டாயக் கழிவாக 1500 சி.சி. வரையுள்ள காருக்கு 1000 ரூபாயும், அதற்கு மேற்பட்டதற்கு 2000 ரூபாயும் நம் கையிலிருந்து போகும். இவற்றைவிடப் பெரிய இழப்பு போனஸில் இருக்கிறது. போனஸ் கழியாத சொந்தச் சேதப் பிரீமியம், அதாவது உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான கட்டணம், ஆண்டுக்கு 10,000 ரூபாய் என்றும் அது மாறாது என்றும் வைத்துக்கொள்வோம். இன்று 5000 கட்டுகிறீர்கள். கிளெய்ம் போட்டால் அடுத்த புதுப்பித்தலில் போனஸ் பூஜ்யமாகி, பிறகு 20, 25, 35, 45 என்று ஏறி மீண்டும் 50-ஐத் தொடுவதற்குள் நீங்கள் கூடுதலாகக் கட்டுவது 5000, 3000, 2500, 1500, 500, ஆக மொத்தம் 12,500 ரூபாய். காப்பீட்டிலிருந்து கிடைக்கும் தொகை இதைவிடக் குறைவென்றால் கைக்காசு போட்டு மாற்றுவதே மேல். ‘கிளெய்ம் போட்டுவிடலாம் சார்’ என்று சொல்லும் பணிமனைக்காரர் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் சொல்லமாட்டார். கிளெய்ம் போட்டாலும் போனஸைக் காக்கும் ‘போனஸ் பாதுகாப்பு’ என்ற கூடுதல் காப்பீட்டை முன்பே வாங்கியிருந்தாலோ, கேமரா பொருத்திய விலையுயர்ந்த கண்ணாடியாக இருந்தாலோ முடிவு மாறலாம்.

கிளெய்ம் போடுவதானால், நிறுவனத்துக்குத் தெரிவித்து அவர்கள் சேதத்தைப் பார்க்கும் முன் பழைய கண்ணாடியைக் கழற்ற விடாதீர்கள். புதியதை ஒட்டிய பசை இறுகப் பணிமனை சொல்லும் நேரம்வரை வண்டியை எடுக்காதீர்கள். விபத்தில் கண்ணாடி தன் இடத்தில் நிற்பது அந்தப் பசையால்தான். பழைய கண்ணாடியிலுள்ள ஃபாஸ்டேக்கை உரித்தால் கெட்டுவிடும் என்பதால், வழங்கிய வங்கியிடம் மாற்று ஸ்டிக்கருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.