மோலி பூச்சு கரையாது, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறேன். இலக்குச் சுடுதலுக்காக .308 ரைபிள் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். விற்றவர் பல வருடங்களாக மோலி (உராய்வைக் குறைக்கும் ஒரு பொடி) பூசிய குண்டுகளையே சுட்டிருக்கிறார். தோட்டாவாகக் கோர்க்காமல் மீதமிருந்த 400 குண்டுகளையும், எதற்கு எவ்வளவு வெடிமருந்து என்று குறித்து வைத்த நோட்டையும் சேர்த்தே கொடுத்தார். எனக்குப் பூச்சில்லாத குண்டே போதும். செம்பு எடுக்கும் அமோனியா கரைப்பானைக் குழலில் ராத்திரி முழுக்க ஊறவிட்டேன், துணி இன்னும் கறுப்பாகவே வருகிறது. குழலையும் குண்டுகளையும் எப்படிச் சுத்தம் செய்வது?

பதில்: முதலில் அந்த நோட்டை ஓரமாக எடுத்து வையுங்கள். மோலி பூசிய குண்டுக்குக் குழலுக்குள் உராய்வு குறைவு. அதனால் அதே அளவு மருந்துக்கு அழுத்தமும் குறையும், வேகமும் குறையும். இழந்த வேகத்தைப் பிடிக்க, மருந்தைக் கொஞ்சம் கூட்டிப் போடுவது மோலி பழகியவர்களின் வழக்கம். அந்தக் கணக்கைப் பூச்சில்லாத குண்டுக்கு அப்படியே போட்டால் அழுத்தம் எல்லை தாண்டிவிடக்கூடும். மருந்துத் தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள ஆரம்ப அளவிலிருந்து புதிதாகத் தொடங்கி, படிப்படியாகத்தான் ஏற வேண்டும். நீங்கள் இதைக் கேட்கவில்லை. ஆனால் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் கவலை தந்தது இதுதான்.

அடுத்தது அமோனியா. இனி ராத்திரி முழுக்க ஊறவிடாதீர்கள். இவ்வகைக் கரைப்பான்களில் காட்டமானவற்றைக் கால் மணி நேரத்துக்கு மேல் குழலில் விடக் கூடாது, இரும்பின் மேற்பரப்பு அரித்துவிடும். தவிர, அது செம்பைத்தான் கரைக்கும். மோலி என்று சுருக்கிச் சொல்லும் மாலிப்டினம் டைசல்ஃபைடு அதற்கு அசையாது. இரண்டு கந்தக அடுக்குகளுக்கு நடுவே ஒரு மாலிப்டினம் அடுக்கு, இப்படி ஏடு ஏடாக அமைந்த பொருள் அது. ஏடுகளுக்கு இடையே பிடிப்பு மிகக் குறைவு, ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். அதனால்தான் உலர்ந்த நிலையிலேயே மசகு போல வேலை செய்கிறது. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் எந்தக் கரைப்பானிலும் அது கரைவதில்லை.

துணியில் வரும் கறுப்பு மோலியா, வெறும் கரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. அழுக்குத் துணியை வெள்ளைக் காகிதத்தில் அழுத்தித் தேயுங்கள். கரி மங்கிய கறுப்பாக நிற்கும். மோலி பென்சில் தீட்டியது போல நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் பளபளக்கும், விரலிலும் வெள்ளி மினுக்காக ஒட்டும். இந்தத் தாதுவைப் பென்சில் கரியோடும் ஈயத்தோடும் பல காலம் குழப்பிக்கொண்டிருந்தார்கள். ஸ்வீடன் வேதியியலாளர் ஷீலே 1778இல்தான் அது வேறு பொருள் என்று காட்டினார். மாலிப்டினம் என்ற பெயரே ஈயத்துக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

உங்கள் குழலில் மோலி தனியாக இருக்காது. கரி, செம்பு, மோலி மூன்றும் மாறி மாறிப் படிந்திருக்கும். தோட்டா அமரும் சேம்பர் முடிந்து, குண்டைச் சுழலவைக்கும் மரை தொடங்கும் இடத்தில்தான் படிவு கெட்டியாக இருக்கும். அதன் அடியில் ஈரம் தங்கினால் துரு பிடித்துக் குழி விழும். எனவே குழலைச் சுத்தம் செய்வது வீண் வேலை அல்ல.

துப்பாக்கி காலியா என்று இரண்டு முறை பாருங்கள், போல்டைக் கழற்றுங்கள். குழல் துடைக்கும் ஒற்றைத் துண்டுக் கம்பியும், சேம்பரில் பொருந்தும் கம்பி வழிகாட்டியும் அவசியம். குழல் வாய் சற்றுத் தாழ்ந்திருக்கட்டும், திரவம் தோளில் வைக்கும் கட்டைப் பக்கம் வழியாது. முதலில் கரிக் கரைப்பானும் நைலான் பிரஷும் போட்டு மேல் அழுக்கை எடுங்கள். பிறகு குரோய்ல் போன்ற ஊடுருவும் எண்ணெயை விட்டு ஒரு மணி நேரம் காத்திருங்கள். அதன்பின் ஜேபி போன்ற, குழலுக்கென்றே விற்கும் மென்மையான தேய்ப்புப் பசையைத் துணியில் மெல்லத் தடவி, அதே எண்ணெயில் ஒரு சொட்டு விட்டு, மரை தொடங்கும் இடத்தில் குட்டை வீச்சாக 20 முறை தேயுங்கள். பிறகு முழு நீளத்துக்கும் 10 முறை. குழல் வாயைத் தாண்டிக் கம்பி முழுதாக வெளியே வர வேண்டாம், திரும்ப இழுக்கும்போது விளிம்பு தேயும். இன்ஜின் வால்வுக்குப் போடும் பசையைக் கிட்டவே கொண்டுவராதீர்கள்.

பசையைத் துடைத்தெடுத்த பிறகு செம்புக் கரைப்பான். துணி நீலமானால் செம்பு மிச்சம் இருக்கிறது. வெண்கல பிரஷும் பித்தளை முனையும் தாங்களே கரைந்து நீலம் காட்டி ஏமாற்றும், இந்தக் கட்டத்தில் நைலானே போதும். ஒரு கரைப்பானை முழுக்கத் துடைக்காமல் அடுத்ததை ஊற்றக் கூடாது. இந்தச் சுற்றை இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். வருடக் கணக்கில் படிந்தது ஒரே மாலையில் போகாது. கேமரா வைத்த குழல்நோக்கி இருந்தால் எங்கே நிறுத்துவது என்று கண்ணாலேயே தெரியும். முடிந்ததும் மெல்லிய எண்ணெய்த் துணி ஒன்று. சுடும் முன் சேம்பரையும் குழலையும் உலரத் துடைக்க மறக்காதீர்கள்.

குண்டுகளைப் பொறுத்தவரை, 400க்காக இவ்வளவு மெனக்கெட வேண்டாம் என்பேன். மோலி விரும்பும் யாருக்காவது விற்றுவிடுங்கள். எடுத்தே தீர வேண்டும் என்றால், பூச்சின் மேல் கார்னௌபா என்ற தாவர மெழுகு இருக்க வாய்ப்புண்டு. அது உருக 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும், வெந்நீரும் சோப்பும் அதை முழுதாக எடுக்காது. மினரல் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, காற்றோட்டத்தில் நன்றாக உலரவிடுங்கள். பிறகு அதிர்வு இயந்திரத்தில் சோளக்கட்டைத் துகளும் மெருகுப் பசையும் போட்டு ஓடவிடுங்கள். துகள் கறுத்ததும் மாற்றிவிடுங்கள். உள்ளே போவது தனிக் குண்டு மட்டுமே, மருந்தும் உறையும் சேர்த்துக் கோர்த்த தோட்டா அல்ல. தோட்டாவின் பித்தளை உறைகளை மெருகேற்றும் தொட்டியில் இதைச் செய்யாதீர்கள். நான் ஒருமுறை அப்படிச் செய்துவிட்டு, அடுத்துப் போட்ட உறைகள் அத்தனையும் சாம்பல் பூத்து வர, தொட்டியையே தூக்கிப்போட்டேன். முனையில் துளையுள்ள குண்டானால் உள்ளே ஈரமும் துகளும் தங்கும், ஒவ்வொன்றாகப் பாருங்கள். கையுறை போடுங்கள், தூசியை மூச்சில் இழுக்காதீர்கள்.

சுத்தம் செய்த குழல் முதல் சில குண்டுகளை வேறெங்கோ போடும், வேகமும் நிலையாக இருக்காது. குழல் புதிதாகப் பழகி, குண்டுகள் ஒரே இடத்தில் விழத் தொடங்கும் வரை தொலைநோக்கியின் திருகைத் தொடாதீர்கள்.