அக்கா, இது எங்க வீட்டுக் கதை மாதிரியே இருக்கு

நெல்லை, தென்காசிப் பக்கத்துக் கிளை நூலகங்களில் 27 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். குடும்பம், இளமை, "நான் யாரு" என்கிற தவிப்பு, இதையெல்லாம் பேசுகிற புத்தகங்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் முக்கால்வாசி புத்தகத்தில் தொடங்கி வீட்டில் போய் முடிந்தன. பெயர்களை எடுத்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

மகள் பத்தாவது படிக்கிறாள். வயசுக்கு வந்ததிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நல்ல புத்தகமாக ஒன்று சொல்லுங்கள், வாங்கிக் கொடுக்கிறேன். (சங்கரன்கோவில் அம்மா ஒருவர்)

அம்மா, முதலில் நீங்கள் படியுங்கள். அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்' என்ற சிறுகதை. 'சிறகுகள் முறியும்' தொகுப்பில் இருக்கிறது. அம்மா ஊரில் இல்லாத நாளில் ஒரு சிறுமி பெரியவளாகிவிடுகிறாள். சுற்றியிருக்கிறவர்கள் சொல்வதெல்லாம் அவளைப் பயமுறுத்துகிறது. அம்மா வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருக்கிறாள். அந்த அம்மாவோ சொந்தக்காரப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போய், பெண் கறுப்பு என்று வேண்டாமென்றுவிட்ட எரிச்சலோடு திரும்பி வருகிறாள். இந்த மகளும் கறுப்பு. வந்ததும் அம்மா வாயிலிருந்து வருகிற ஒரு வாக்கியத்தில் அந்தப் பிள்ளைக்குள் ஏதோ செத்துப்போகிறது. தலைப்பில் இருக்கிற கொலை அதுதான்.

நான் ஒரு நூலகத்தில் இருந்தபோது, பள்ளிச் சீருடையோடு ஒரு பிள்ளை மூன்று நாள் சாயங்காலம் வந்து, கடைசி பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றுகொண்டே இந்தக் கதையைப் படித்தாள். உட்கார்ந்து படியம்மா என்றேன், மாட்டேன் என்றுவிட்டாள். உறுப்பினர் அட்டை இருந்தும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. நாலாம் நாள் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். கதையின் கடைசிப் பக்கத்தில் அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட் அப்படியே இருந்தது. அந்தப் பிள்ளை யாரிடம் என்ன கேட்க நினைத்ததோ!

அதனால் மகளிடம் "இதைப் படி" என்று நீட்டாதீர்கள். நீட்டினால் அது மருந்து ஆகிவிடும், பிள்ளைகள் மருந்தைத் துப்பிவிடுவார்கள். நீங்கள் படித்துவிட்டு டிவி பக்கத்தில் கவிழ்த்து வையுங்கள். "என் அம்மாவும் ஒருநாள் என்னை இப்படித்தான் சொன்னா" என்று ஒரே ஒரு தடவை, அடுப்படியில் வேலையாக இருக்கும்போது, அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள்.

நாவல் படிக்கிற பொறுமை இருந்தால் ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964). கன்னியாகுமரிப் பக்கத்துப் பனைவிளையில், ஆளாகிவிட்டாள் என்று பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீட்டுக்குள் வைக்கப்பட்ட லிஸியின் கதை. கதை அதிர்ந்து பேசாது. அவளுக்குப் பிடித்த தங்கராஜ் பனையேறி, அவள் வீட்டாருக்கோ பழைய கௌரவம். அந்தக் கௌரவத்தைக் கட்டிக்கொண்டு ஒரு வீடே எப்படிக் கூனிப்போகிறது என்பதைக் குரல் உயர்த்தாமல் எழுதியிருக்கிறார்.

'அசுரன்' படம் பார்த்துவிட்டேன். 'வெக்கை' படிக்க வேண்டுமா?

கட்டாயம். படம் 2019, பூமணியின் நாவல் 1982. படத்தில் அப்பாவின் பழைய கதை பெரிதாக விரிகிறது. நாவல் மகனோடேயே போகிறது. 15 வயசுச் சிதம்பரம் கையை மட்டும் வெட்டத்தான் நினைத்தான், ஆள் செத்துப்போகிறான். அதன்பிறகு அவனும் அய்யாவும் காடு மலை என்று ஒளிந்து திரிகிறார்கள். சோறு பொங்குகிறார்கள், குளிக்கிறார்கள், பேசுகிறார்கள். வீட்டில் இருந்தபோது இவ்வளவு பேசியிருப்பார்களா என்று தோன்றும். அப்பனும் மகனும் ஒருவரையொருவர் அறிந்துகொள்கிற கதையாகப் படியுங்கள்.

அக்கா, நான் காலேஜ் முதல் வருஷம், ஹாஸ்டல். ஊர்ப் பேரையும் தெருப் பேரையும் யாராவது கேட்டால் தொண்டை அடைக்கிறது. என்னைப் போல ஒருத்தர் எழுதிய புத்தகம் இருக்கிறதா?

தம்பி, இருக்கிறது. ஒன்றுக்கு இரண்டு இருக்கிறது. இந்தக் கேள்விக்காகவே நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்.

தலித் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த பாமா தன் வாழ்க்கையையே எழுதிய 'கருக்கு' 1992இல் வந்தது. பனைமட்டையின் இரண்டு ஓரத்திலும் ரம்பப்பல் மாதிரி அறுக்குமே, அதுதான் கருக்கு. ஊரில் பேசுகிற பேச்சிலேயே முழுப் புத்தகத்தையும் எழுதினார். அதில் ஒரு காட்சி. பள்ளிக்கூடம் விட்டு வருகிற சிறுமி, தங்கள் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையில் பிடிக்காமல், சணலைப் பிடித்துத் தொங்கவிட்டபடி கொண்டுபோய் மேல்சாதிக்காரர் ஒருவருக்குக் கும்பிட்டுக் கொடுப்பதைப் பார்க்கிறாள். பொட்டலம் அவிழ்ந்து விழுந்துவிடாதா என்று அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. வீட்டில் அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. அவர் கை பட்டால் தீட்டு, அதனால்தான் அப்படி என்கிறார். அந்த இடத்தில் சிரிப்பு நின்றுபோகிறது. நீ சொன்ன தொண்டையடைப்பு தொடங்குகிற இடம் அதுதான். படித்து மேலே வந்தால் ஒட்டிக்கொண்ட இழிவை உதறலாம் என்று சொல்லிக் கொடுப்பதும் அதே அண்ணன்தான்.

இனி இரண்டாவது புத்தகம். பாமாவின் அண்ணன் ராஜ் கௌதமன். பெரிய ஆய்வாளர், 2024இல் காலமானார். அவர் தன் வாழ்க்கையைச் சிலுவைராஜ் என்ற பாத்திரத்தின் மேல் ஏற்றி 'சிலுவைராஜ் சரித்திரம்' (2002) எழுதினார். அதே ஊர், அதே குடும்பம், ஆனால் புத்தகம் வேறு ஜாதிப் பூ! தங்கை சுட்டுக்கொண்டதைச் சுட்டபடியே சொல்கிறார். அண்ணன் தன்னைத்தானே தள்ளி நின்று பார்த்து, பல இடங்களில் நம்மைச் சிரிக்க வைக்கிறார். அப்பாவிடம் பயம், போர்டிங் பள்ளி, வேலைக்கு அலைந்த அலைச்சல் என்று விரிகிற தடிப் புத்தகம். கிறிஸ்தவராக இருந்தால் பட்டியல் சாதி இடஒதுக்கீடு கிடையாது என்ற 1950 ஆணை ஒரு படித்த இளைஞனின் கழுத்தை எப்படி நெரிக்கிறது என்பதை இதைவிட நெருக்கமாக நான் எங்கும் படித்ததில்லை.

இரண்டையும் படி. ஒன்றோடு நிறுத்தாதே. ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் அப்பா ராத்திரி கடை அடைத்துவிட்டு வந்து சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டால் நான் புத்தகத்தை மூடிவிட்டு அடுப்படிக்கு ஓடுவேன். கதைப் புத்தகத்தோடு பார்த்தால் அடி விழும். அதே சத்தம் கேட்டு என் தம்பி வாசலுக்கு ஓடுவான். அவனுக்குப் பட்டாணிப் பொட்டலம் வந்திருக்கும். ஐம்பது வயசில் ஒருநாள் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அவன் கேட்டான், "ஏன்க்கா நீ மட்டும் அப்பா வரும்போது உள்ள போயிருவ?" அவனுக்கு அதுவரை தெரியாது. பட்டாணியைப் பற்றி எனக்கும் தெரியாது. உன் வீட்டிலும் உன் அக்காவோ தம்பியோ சொன்னால் வேறு கதை வரும். அதையும் கேட்டுப் பார்.

என் அப்பா குடிகாரர். அதைப் பற்றிப் புத்தகம் படித்தால் மனசு ஆறுமா, ரணமாகுமா?

இரண்டும் நடக்கும், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். யூமா வாசுகியின் 'ரத்த உறவு' அப்படியொரு வீட்டைப் பிள்ளைகளின் கண்ணால் காட்டுகிறது. அடி, பசி, அதற்கு நடுவில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் காட்டுகிற அன்பு. நான் இரண்டு முறை பாதியில் மூடி வைத்தேன். நீங்கள் இப்போதும் அந்த வீட்டிலேயே இருக்கிறீர்கள் என்றால் அவசரப்படாதீர்கள். தனியாக, ராத்திரியில் படிக்காதீர்கள். மூச்சு முட்டினால் மூடிவிடுங்கள், புத்தகம் கோபித்துக்கொள்ளாது. அப்பாவைப் பற்றிப் பேச நம்பிக்கையான ஓர் ஆள் கிடைத்த பிறகு மீதியைப் படிக்கலாம்.

குடி இல்லாமலும் அப்பா பயமாக இருக்கலாம். சுந்தர ராமசாமியின் 'குழந்தைகள் பெண்கள் ஆண்கள்' (1998) படியுங்கள். 1930களின் கடைசியில் கோட்டயம், சிறுவன் பாலு, அவன் அப்பா எஸ்.ஆர்.எஸ். அந்த அப்பா கெட்டவர் இல்லை, பிள்ளைக்கு அவர் முன்னால் நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். நமக்கு அப்பாவின் மேலும் இரக்கம் வந்துவிடுகிறது.

அக்கா புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டாள். ஊர் பேசுகிறது. தம்பியாக நான் என்ன செய்வது என்று தெரியவில்லை.

நீல. பத்மநாபனின் 'தலைமுறைகள்' (1968). இரணியல் செட்டியார் வீடு. பொய்ப்பழி சுமத்தி அனுப்பப்பட்ட அக்கா நாகுவுக்காகத் தலைமுறைப் பழக்கத்தோடு மோதுகிற தம்பி திரவி. முதல் இருபது பக்கம் வட்டார வழக்கு மல்லுக்கட்டும், வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும். முடிவு சுகமானது இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உங்கள் அக்கா பக்கம் நிற்கிறீர்களே, அதற்கே என் வாழ்த்து.

என் தம்பி, தான் பெண் என்கிறான். வீட்டில் தினமும் சண்டை. அப்பா அம்மாவுக்கு எந்தப் புத்தகம் கொடுக்கலாம்?

தங்கச்சி, உன் கேள்வியிலேயே ஒரு சொல்லை மாற்றிக்கொள்ளலாம். தம்பி என்பதைத் தங்கை என்று நீ சொல்லத் தொடங்கினாலே வீட்டில் அவளுக்கு ஓர் ஆள் கிடைத்த மாதிரி.

லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், சரவணன் வித்யா' (2007) சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் படித்துவிடலாம். ஆண்பிள்ளை படித்துப் பெரிய ஆளாக வேண்டும் என்று அப்பா வைத்த ஆசை, மொழியியலில் எம்.ஏ., அதற்குப் பிறகும் புனேவில் ரயிலில் கையேந்த வேண்டிவந்த நிலைமை, எல்லாம் இருக்கிறது. உங்கள் அப்பாவிடம் இதைக் கொடுங்கள். படித்த பிள்ளையை ரயிலுக்குத் துரத்தியது யார் என்று அவரே யோசிப்பார். ரேவதியின் 'வெள்ளை மொழி' இன்னும் கனமானது. அண்ணன்மாரிடம் பட்ட அடி, சொத்துப் பேச்சு, அப்படியும் அம்மா அப்பாவைப் பார்க்க ஊருக்குத் திரும்பித் திரும்பிப் போகிற மனசு. திருநங்கையை வீடு விட்டாலும் வீட்டை அவள் விடுவதில்லை என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014இல் ஏற்றுக்கொண்டதையும் அப்பாவிடம் சொல்லுங்கள். சில அப்பாக்களுக்குச் சட்டம் என்றால் காது கேட்கும்.

நாங்கள் டொராண்டோவில். பிள்ளைகளுக்குத் தமிழ் பேசினால் விளங்கும், வாசிக்க வராது. அவர்களுக்கு எங்கட கதை எப்படித் தெரியவரும்?

நீங்கள் வாசித்துக் காட்டுங்கோ. உங்கள் ஊரிலேயே இருக்கிற அ. முத்துலிங்கத்தின் 'உண்மை கலந்த நாட்குறிப்புகள்' அதற்கு ஏற்றது. சின்னச் சின்ன அத்தியாயம், சாப்பாட்டு மேசையில் ஒன்று வாசித்து முடிக்கலாம். கொக்குவிலில் தொடங்கி உலகம் சுற்றும். பெரிய பிள்ளைகள் என்றால் ஆங்கிலத்திலேயே படிக்கட்டும், அதில் குறை ஒன்றுமில்லை. ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி பாய்' (1994): கொழும்பில் பெண்பிள்ளைகளோடு சேர்ந்து சேலை சுற்றி மணப்பெண் விளையாட்டு விளையாடுகிற அர்ஜி, தான் மற்றப் பையன்களைப் போல இல்லை என்று அறிகிறான். கடைசியில் 1983 கலவரத்தில் அந்த வீடே எரிகிறது. வி.வி. கணேசானந்தனின் 'பிரதர்லெஸ் நைட்' (2023), யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படிக்க நினைத்த சஷியும் அவளுடைய நாலு சகோதரர்களும். படித்தபின் பிள்ளைகள் உங்களிடம் "நீங்கள் அப்ப எங்க இருந்தனீங்கள்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குத் தயாராக இருங்கோ.

ஒன்பது வயசுப் பிள்ளைக்கு?

யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. பேசுகிற மரப்பாச்சி பொம்மை வழியாக, தவறான தொடுதலைப் பற்றிப் பயமுறுத்தாமல் சொல்கிற கதை. 2020இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. பிள்ளையோடு சேர்ந்து படியுங்கள்.

பிறந்து வளர்ந்தது ஹைதராபாத். தமிழ்நாட்டுக்கு வந்தால் தெலுங்குக்காரன், அங்கே மதராஸி. எனக்கொரு புத்தகம்?

அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' (1977). உங்கள் ஊரேதான். செகந்தராபாத், சுதந்திரத்தை ஒட்டி, நிஜாம் சமஸ்தானம் இந்தியாவோடு சேராமல் நின்ற மாதங்கள். கிரிக்கெட் ஆடிக்கொண்டு, கல்லூரிக்குப் போய்க்கொண்டு இருக்கிற சந்திரசேகரன். கடைசிப் பக்கங்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன்.

எங்கள் வீட்டுக் கதையை எழுத ஆசை. அப்பா இன்னும் இருக்கிறார். எழுதலாமா?

எழுதுங்கள். ஆனால் விலை இருக்கிறது. 'கருக்கு' வந்தபோது பாமா மேல் அவர் ஊர்க்காரர்களுக்கே கோபம் வந்தது. பிறகுதான், நம்மைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாள் என்று ஏற்றுக்கொண்டார்கள்.

இன்னொருவரையும் பாருங்கள். சிவகாமி 'பழையன கழிதலும்' (1989) எழுதினார். ஊருக்குள் தலித் தலைவர், வீட்டுக்குள் இரண்டு மனைவிகளை ஆட்டிப்படைக்கிற காத்தமுத்து, அவரைக் கூர்ந்து பார்க்கிற மகள் கௌரி. வாசித்தவர்கள் விதவிதமாகக் கேள்வி கேட்டார்கள். சில வருஷம் கழித்து, தான் எழுதிய அந்த நாவலையே திரும்பத் திறந்து பார்த்து 'ஆசிரியர் குறிப்பு' என்று இன்னொரு புத்தகம் எழுதினார். முதலில் எழுதியதை அழிக்கவில்லை, பக்கத்தில் இன்னொன்றை வைத்தார். எனக்கு அந்தத் துணிச்சல் மேல் தீராத மரியாதை.

நீங்கள் எழுதி முடித்ததும் அப்பாவிடம் காட்டுவதற்கு முன்னால் கூடப்பிறந்தவர்களிடம் காட்டுங்கள். அவர்கள் "இப்படி நடக்கலியே" என்று சொல்லும் இடங்களில் பென்சிலால் ஒரு கோடு மட்டும் போட்டு வையுங்கள். உடனே அடிக்க வேண்டாம்.