இஸ்ரேல் – பாலஸ்தீனம்: இரு நாடுகள் தீர்வு இனி நடக்குமா?

2025 செப்டம்பரில் பிரிட்டன், கனடா, பிரான்ஸ் எல்லாம் பாலஸ்தீனத்தை அங்கீகரித்துவிட்டனவே, இனியாவது தனிநாடு அமையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் கணிப்பில், அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் அமையாது. இந்தியா 1988-லேயே அங்கீகரித்தது. அதனால் இஸ்ரேல் பிடியில் இருக்கும் பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையில் ஒரு சோதனைச்சாவடிகூடக் குறைந்துவிடவில்லை.

மேற்குக் கரையின் தெற்கே உள்ள பெத்லகேமிலிருந்து வடக்கே உள்ள ராமல்லா நேர்வழியில் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. நடுவில் ஜெருசலேம். மஞ்சள் நம்பர் பிளேட் மாட்டிய இஸ்ரேலிய கார் நகருக்குள் புகுந்து போய்விடும். வெள்ளையில் பச்சை எழுத்துள்ள பாலஸ்தீன பிளேட்டுக்கு அந்த வழி கிடையாது. கிழக்கே வாதி அல் நார் பள்ளத்தாக்கில், குறுகிய வளைவுகளில் இறங்கி ஏற வேண்டும். ‘நெருப்புப் பள்ளத்தாக்கு’ என்று பொருள். அதற்கு வடக்கே, ஜெருசலேமை ஒட்டி, ஈ-1 என்று பெயரிட்ட சுமார் 12 சதுர கிலோமீட்டர் நிலம் இருக்கிறது. அதில் ஏறக்குறைய 3,400 வீடுகள் கட்ட 2025 ஆகஸ்டில் இஸ்ரேல் அனுமதி கொடுத்தது. கட்டி முடித்தால் மேற்குக் கரையின் வடக்கும் தெற்கும் துண்டுபட்ட மாதிரிதான்.

1993-இல் இஸ்ரேலுக்கும் பாலஸ்தீன விடுதலை இயக்கத்துக்கும் இடையே ஒஸ்லோ ஒப்பந்தம் கையெழுத்தானபோது மேற்குக் கரையில் யூதக் குடியேறிகள் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். இன்று, கிழக்கு ஜெருசலேமைச் சேர்க்காமலே, ஏறக்குறைய ஐந்து லட்சம். 2005-இல் காசாவிலிருந்து எட்டாயிரம் சொச்சம் குடியேறிகளை வெளியேற்றவே இஸ்ரேல் படாத பாடு பட்டது.

இத்தனைக்கும் தீர்வுக்கு மிக அருகில் வந்ததும் உண்டு. 2008 செப்டம்பரில் இஸ்ரேல் பிரதமர் ஓல்மெர்ட், இரு நாடுகளுக்கும் எல்லை வகுத்த ஒரு வரைபடத்தைப் பாலஸ்தீன அதிபர் மஹ்மூத் அப்பாஸிடம் காட்டினார். கையொப்பமிடாமல் எடுத்துப்போக விடவில்லை. அப்பாஸ் பிறகு நினைவிலிருந்து காகிதத்தில் வரைந்து பார்த்தார். ஓல்மெர்ட்டோ ஊழல் விசாரணையில் சிக்கிப் பதவி விலகும் நேரம். பேச்சு அதோடு நின்றது. போகிற மனிதரிடம் கையெழுத்திட்டு என்ன பயன் என்று அப்பாஸ் தயங்கியிருக்கலாம். எனக்கு அதில் வியப்பில்லை.

அந்த அப்பாஸ் 2005-க்குப் பின் அதிபர் தேர்தலே நடத்தவில்லை. ஹமாஸின் 2023 அக்டோபர் 7 தாக்குதலுக்குப் பிறகு இஸ்ரேலில் தனிநாடு என்ற பேச்சையே எடுக்க முடியவில்லை. காசாவில் பல்லாயிரம் பேரைப் புதைத்தவர்களிடம் பொறுமையாக இருங்கள் என்று சொல்லவும் யாருக்கும் வாய் வராது. ஒரே நாடாக வாழலாம் என்போரும் இருக்கிறார்கள். ஜோர்டான் ஆற்றுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் இடையே இரு தரப்பும் தலா எழுபது லட்சம் அளவில் இருக்கையில், எவர் எவருக்கு வாக்குரிமையை விட்டுக்கொடுப்பார்?

எனவே அடுத்த அங்கீகாரச் செய்தி வரும்போது நான் ஐ.நா. கைதட்டலைப் பார்க்கப் போவதில்லை. ஈ-1 குன்றில் கிரேன் ஏறிவிட்டதா என்றுதான் தேடுவேன்.